சட்டைத் தோலுக்கு வயசானால் அழகாம்

போன மார்கழியில் சென்னையில் ஒரு புத்தக வெளியீடு. கூட்டம் முடிந்து எதிர்த்தாற்போல் இருந்த டீக்கடை வாசலில் நின்றிருந்தோம். கவிதை எழுதுகிற நண்பர் ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். உடம்பில் சிவப்புத் தோல் ஜாக்கெட். தோளிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் இரண்டு வெள்ளைப் பட்டை. அவருடைய தம்பி வெளிநாட்டிலிருந்து அனுப்பியதாம். இருபது முப்பது வருஷத்துப் பழசு என்று சொல்லித்தான் கடைக்காரன் விற்றானாம். புதுசைவிட இரண்டு பங்கு விலை.

கழற்றி எல்லோர் கையிலும் கொடுத்தார். "பாருங்க, காலம் எப்படி வேலை செஞ்சிருக்கு! இந்தக் காலர் ஓரம் வெளுத்திருக்கிறதப் பாருங்க. முழங்கையில விழுந்திருக்கிற மடிப்பப் பாருங்க. எந்த ஓவியனும் போட முடியாது" என்றார். கூட இருந்தவர்கள் தலையாட்டினார்கள். ஒருவர் அழகியல் பற்றி ஆரம்பித்துவிட்டார்.

ஜாக்கெட் என் கைக்கு வந்தது. நான் வெளிப்பக்கத்தைப் பார்க்கவில்லை, உள்பக்கத்தைத் திருப்பினேன். அக்குளில் லைனிங் துணி புதுசு. வியர்வைக் கறை கிடையாது. ஜிப்பில் ஒரு பல் தேயவில்லை. இடது கைமுட்டி எந்த அளவு வெளுத்திருந்ததோ அதே அளவு வலது கைமுட்டி. மனுஷன் எவனாவது இரண்டு கையையும் ஒரே மாதிரி தேய்ப்பானா? தையல் மடிப்பைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே செம்பருத்திப் பூ மாதிரி சிவப்பு அப்படியே இருந்தது.

"சார், இதுல காலம் ஒண்ணும் வேலை செய்யலீங்க. உப்புத்தாள் வேலை செஞ்சிருக்கு. நாலு பொம்பளைங்க மேசை மேல போட்டு ஒரு மணி நேரம் தேய்ச்சிருக்காங்க" என்றேன்.

நண்பர் முகம் சுருங்கிவிட்டது. "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பதினோரு வருஷம் நான் பார்த்த வேலை அது. எங்க நைனா தோல் ஷாப்புல குழிக்காரரு."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். அப்புறம் சொன்னார்: "உங்களைப் பார்த்தா அப்படித் தெரியலையே."

பாராட்டாகத்தான் சொன்னார். அந்தப் பாராட்டுக்கு நான் எழுதுகிற பதில் இது.

★

முதலில் சாயத்தைப் பேசிவிடுவோம். தோலைப் பற்றிக் கவிதை எழுதுகிறவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

குரோமியம் போட்டுப் பதப்படுத்திய தோல் டிரம்மிலிருந்து வெளியே வரும்போது இளநீலமாக இருக்கும். ஷாப்பில் அதற்கு வெட் புளூ என்று பேர். அந்த நீலத்தின் மேல் மஞ்சள் சாயம் ஏற்றினால் மஞ்சள் பச்சை தட்டும். கறுப்பும் காப்பிக்கொட்டை நிறமும் எல்லாவற்றையும் மூடிவிடும், அதற்குப் பிரச்சினையில்லை. சிவப்பு, மஞ்சள், வெள்ளை, மயில்நீலம் பளிச்சென்று வர வேண்டுமென்றால் டிரம்மில் சாயம் ஏற்றினால் மட்டும் போதாது. மேலே நிறமியைப் பசையோடு கலந்து துப்பாக்கியில் ஸ்பிரே அடிக்க வேண்டும். ஒரு கோட், காயவைத்து இன்னொரு கோட், அதற்கு மேலே பளபளப்புக்கு ஒன்று.

இன்னொரு காரணமும் உண்டு. நம் ஊர் ஆடு கருவேலங்காட்டில் மேய்ந்த ஆடு. முள் கீறல் இருக்கும், உண்ணி கடித்த தடம் இருக்கும், அம்மை வந்த குழி இருக்கும். வெளிர் நிறத்தில் அதெல்லாம் அப்படியே தெரியும். அதனால் தோலின் முகத்தை மெஷினில் லேசாகத் தேய்த்து எடுத்துவிட்டு மேலே நிறத்தைப் பூசுவோம். பளபளப்பான கலர் ஜாக்கெட் என்று கடையில் பார்க்கிறீர்களே, அதில் பெரும்பாலும் நீங்கள் பார்ப்பது பூச்சை. அந்த ஆடு வாழ்ந்த வாழ்க்கை அடியில் கிடக்கிறது.

புதுசில் எல்லாக் கலரும் ஒன்றுபோல்தான் மின்னும். பழசாகும்போதுதான் எந்த ஷாப்பில் எவன் என்ன வேலை செய்தான் என்பது வெளியே வரும். சாயம் தோலின் குறுக்குவாட்டம் முழுக்க இறங்கியிருந்தால், மேல்பூச்சு தேய்ந்தாலும் அடியில் அதே சிவப்பு கொஞ்சம் மங்கலாகத் தெரியும். சாயத்தில் சிக்கனம் பிடித்திருந்தால் ஓரம் தேய்ந்த இடத்தில் சாம்பல்நீலம் எட்டிப் பார்க்கும். சிவப்பு வெயிலில் வெளுத்துச் செங்கல் நிறத்துக்கோ ரோஸுக்கோ போகும். வெள்ளை பழுப்பேறித் தந்த நிறமாகும், வெடிப்புக்குள் அழுக்கு இறங்கிக் கோடு கோடாக நிற்கும். மஞ்சள்தான் பாவம். காலரிலும் மணிக்கட்டிலும் உடம்பு எண்ணெயும் வியர்வையும் ஊறிக் கறுத்துப்போகும். மயில்நீலத்தின் மேல்பூச்சு மஞ்சளடித்தால் நிறம் பச்சைப் பக்கம் சாயும். சிவப்பும் வெள்ளையும் சேர்த்துத் தைத்த ஜாக்கெட் மழையில் நனைந்தால் சிவப்பு வெள்ளைக்குள் இறங்கிவிடும். அது நடக்கக் கூடாது என்பதற்காக நனைந்த வெள்ளைக் கம்பளித் துண்டை வைத்துத் தேய்த்துத் தேய்த்துப் பார்ப்போம். துண்டில் சாயம் ஒட்டினால் லாட் முழுக்கத் திரும்பி வரும். ஓவர்டைம் இல்லாமல் மறுபடி அடிக்க வேண்டும்.

பழசு மாதிரி செய்வதற்குத் தனி முறை இருக்கிறது. அடியில் பளிச்சென்ற சிவப்பு. அதற்கு மேலே கறுஞ்சிவப்பு லேசாக ஒரு கோட். தைத்து முடித்த பிறகு காலர் ஓரம், பை வாய், மணிக்கட்டு, முழங்கை என்று மேல் கோட்டை மட்டும் உப்புத்தாளால் எடுப்பார்கள். சிலதை டிரம்மில் போட்டு உருட்டிச் சுருக்கம் விழவைப்பார்கள். அந்த மேசையில் நின்றவர்கள் எல்லாம் எங்கள் சேரிப் பெண்கள். மூக்கில் முந்தானையைக் கட்டிக்கொண்டு தேய்ப்பார்கள். சாயங்காலம் காறித் துப்பினால் சிவப்பாகத்தான் வரும். "இன்னாடி, வெத்தலை போட்டியா?" என்று ஒருத்தியை ஒருத்தி கிண்டல் பண்ணிக்கொண்டு பஸ் ஏறுவார்கள்.

நண்பர் சொன்ன காலம் அவர்கள்தான்.

★

இந்த ஜாக்கெட்டுக்கு ஒரு கலக வரலாறு இருக்கிறது என்பார்கள். இருக்கிறது, மறுக்கவில்லை. 1928ல் நியூயார்க்கில் ஷாட் என்கிற தையல் கம்பெனி 'பெர்ஃபெக்டோ' என்று பேர் வைத்து மோட்டார் சைக்கிள்காரனுக்கு ஜிப் வைத்த தோல் ஜாக்கெட்டைக் கொண்டுவந்தது. விலை ஐந்தரை டாலர். 1953ல் 'தி வைல்ட் ஒன்' படத்தில் மார்லன் பிராண்டோ கறுப்பு ஜாக்கெட்டோடு வந்து நின்றார். பையன்கள் கெட்டுப்போவார்கள் என்று பிரிட்டனில் 1967 வரைக்கும் அந்தப் படத்துக்குத் தணிக்கைச் சான்று கொடுக்கவில்லை. லண்டனில் லூயிஸ் லெதர்ஸ் கறுப்போடு நிற்காமல் சிவப்பு, நீலம் என்று கலர் ஜாக்கெட்டுகளைத் தைத்துக் கொடுத்தது. 1970களில் பந்தயக்காரர்கள் உடம்பு முழுக்க கலர் தோல் மாட்டிக்கொண்டார்கள். உழைக்கிற வர்க்கத்துப் பையன்கள் தங்களுக்கென்று உண்டாக்கிக்கொண்ட உடை அது. நல்லதுதான்.

அந்தப் பையன் தன் ஜாக்கெட்டைத் தானே பழசாக்கினான். மழையில் போனான், விழுந்தான், வண்டிக்கு அடியில் படுத்து ரிப்பேர் பார்த்தான், பெட்ரோல் டேங்க் உரசி வயிற்றுப் பக்கம் தேய்ந்தது. அந்தத் தேய்மானம் அவன் சம்பாதித்தது. இன்றைக்கு அதே தேய்மானத்தைக் காசு கொடுத்து வாங்கலாம். விழாமலே விழுந்தவன் ஆகலாம். வாங்குகிறவனுக்குப் பதிலாக ஒருத்தி மேசையில் நின்று தேய்ந்துபோகிறாள்.

எங்கள் ஊருக்கும் லண்டனுக்கும் உறவு நேற்று வந்ததல்ல. ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் ஊறிய சென்னை மாகாணத்துத் தோல் 19ஆம் நூற்றாண்டிலேயே 'ஈஸ்ட் இந்தியா தோல்' என்ற பேரில் அங்கே விலைபோனது. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் சிப்பாய் பூட்சுக்கு இங்கிருந்து தோல் போனது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்ஃபிரெட் சாட்டர்டன் சென்னையில் குரோம் முறையைப் பழக்கினார். 1955ல் என்ஃபீல்டு கம்பெனி சென்னையில் வந்தது, திருவொற்றியூரில் புல்லட் ஓடத் தொடங்கியது. வண்டியும் இங்கே, தோலும் இங்கே. எங்க ஆயா பட்டை இடித்தாள். ஜாக்கெட்டின் வரலாறு எழுதுகிறவன் நியூயார்க்கில் ஆரம்பித்து லண்டனில் முடிக்கிறான். எங்க ஆயாவுக்கு அதில் ஒரு வரி கிடையாது.

சாதி இந்து தொட மாட்டேன் என்று ஒதுக்கிய தொழில் இது. வட ஆற்காட்டில் முஸ்லிம் வியாபாரிகள் எடுத்து நடத்தினார்கள். குழிக்குள் இறங்கியது நாங்களும் ஏழை முஸ்லிம்களும். 1970களில் அரைகுறையாகப் பதப்படுத்திய தோலை ஏற்றுமதி செய்வதற்கு அரசாங்கம் கட்டுப்பாடு போட்டது. முடித்த தோலும் பூட்சும் ஜாக்கெட்டும் இங்கேயே தயாரானது. டாலர் வந்தது. டாலர் வந்ததும் தோலின் தீட்டு கழன்றுவிட்டது. எந்தெந்தச் சாதிக்காரரெல்லாம் முதலாளியாக வந்தார்கள் என்று எங்களுக்குத் தெரியும். தோலின் தீட்டு கழன்றது, தோல்காரன் தீட்டு கழலவில்லை. ஒரே டிரம்முக்குள் இரண்டும் கிடந்தும், ஒன்றில் மட்டும் சாயம் ஏறியது.

★

எங்க நைனா காலத்தில் குரோமியத்தை மூட்டையில் தயாராக வாங்க மாட்டார்கள். பைக்குரோமேட்டை ஆசிடோடும் வெல்லத்தோடும் கலந்து ஷாப்பிலேயே காய்ச்சுவார்கள். வெறுங்கைதான். விரல் இடுக்கில் குரோம் புண் வரும். வட்டமாக, ஆணி அடித்து எடுத்த மாதிரி குழி. வலிக்காது, ஆறாது. நைனா அந்தக் குழியில் வேப்பெண்ணெய் விட்டுக்கொண்டு சாப்பிட உட்காருவார்.

அவர் படிக்காதவர். சம்பள நோட்டில் கைநாட்டுத்தான். மேஸ்திரி அவரைக் "கைநாட்டு" என்றே கூப்பிடுவான். ஆனால் ஒரு விஷயம். சுண்ணாம்பு எடுத்து, என்சைம் போட்டு, தோல் பதத்துக்கு வந்துவிட்டதா என்று எப்படிப் பார்ப்பது? கட்டைவிரலை வைத்து அழுத்த வேண்டும். ரேகை பதிந்து அப்படியே நின்றால் பதம். எழும்பி வந்துவிட்டால் இன்னும் நேரமாகும். புத்தகத்திலும் அப்படித்தான் போட்டிருக்கிறது. பட்டம் வாங்கிய டெக்னீஷியனே டிரம் வாசலில் நின்றுகொண்டு, "கொஞ்சம் பார்த்துச் சொல்லுப்பா" என்று நைனாவைத்தான் கூப்பிடுவார். அந்தக் கட்டைவிரல் ஷாப்பில் அளவுக்கருவி. சம்பள நோட்டில் அதே கட்டைவிரல் அறியாமைக்கு அடையாளம். 1948லிருந்து அடையாற்றில் தோல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. தோல் தொழில்நுட்பத்தில் பட்டப்படிப்பு இருக்கிறது. நைனா விரலுக்குத் தெரிந்தது அங்கே அறிவியல், சேரியில் குலத்தொழில்.

நைனா போய்ச் சேர்ந்துவிட்டார். சின்ன நைனா இருக்கிறார். நாற்பது வருஷம் சுண்ணாம்பில் கை வைத்தவர். ரேகை அழிந்துவிட்டது. விரல் வழவழவென்று கூழாங்கல் மாதிரி இருக்கும். 2020ல் ரேஷன் கடையில் விரல் வைக்கிற மெஷின் வந்தது. சின்ன நைனா வைத்தார். மெஷின் எடுக்கவில்லை. துடைத்துவிட்டு வைத்தார். எடுக்கவில்லை. பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்தார். வரிசையில் பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். "பெருசு, வூட்ல வேற யாராவது இருந்தா இட்டுக்கினு வா" என்று அனுப்பிவிட்டார்கள். பெங்களூரில் வேலை செய்கிற பேரன் லீவு போட்டு வந்து விரல் வைத்த மாசம் அரிசி கிடைத்தது. வராத மாசம் இல்லை.

இப்போது அந்தச் சிவப்பு ஜாக்கெட்டை இங்கே கொண்டுவந்து வையுங்கள். ஓரம் தேய்ந்த தோலுக்கு இரண்டு பங்கு விலை. அதைப் பதப்படுத்தித் தேய்ந்த விரலுக்கு அரிசி இல்லை. இரண்டும் தோல்தான். இரண்டும் ஒரே வேலையில் தேய்ந்ததுதான். ஒன்றின் தேய்மானம் அழகு, மற்றதன் தேய்மானம் மெஷினில் கோளாறு. இந்த அழகியலை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

★

நம்ம ஆட்களிடமும் எனக்கு ஒரு சண்டை இருக்கிறது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

போன வருஷம் ஒரு தோழர் சொன்னார்: "தோலு, பறை, சாவு இதையே எத்தனை நாளைக்கு எழுதுவீங்க? ஜனங்க மறந்து வெளிய வரணும்." அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. 1927ல் மஹத்தில் செத்த மாட்டை இழுக்காதே என்று பாபாசாகேப் சொன்னார். 2016ல் குஜராத்தில் ஊனாவில் செத்த மாட்டைத் தோலுரித்த நம் பையன்களைக் கட்டிவைத்து அடித்தார்கள். அதற்குப் பதிலாகச் செத்த மாடுகளை அரசாங்க ஆபீஸ் வாசலில் கொண்டுபோய்ப் போட்டார்கள் நம் மக்கள். "உன் மாட்டை நீயே பார்த்துக்கொள்" என்றார்கள். அந்த மறுப்பின் பக்கம்தான் நானும் நிற்கிறேன். எங்க நைனா என்னைக் குழிக்குள் இறங்க விடவில்லை. "எறங்குனே, கால ஒடச்சிடுவேன்" என்றார். அதுவும் மஹத்தான்.

ஆனால் கட்டாயத்தை விடுவது வேறு, தெரிந்ததை மறைப்பது வேறு. நாம் மறைத்தால் அது இல்லாமல் போகாது. வேறு ஆள் பேரில் பதிவாகும். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று பாலாற்றங்கரை முழுக்க இருக்கிற இந்தத் தொழிலைப் பற்றி உலகத்துக்குத் தெரிந்தது இரண்டே விஷயம்: ஏற்றுமதி, மாசு. 1996ல் உச்ச நீதிமன்றம் தோல் ஷாப்புகள் ஒவ்வொன்றுக்கும் பத்தாயிரம் ரூபாய் அபராதம் போட்டுத் தீர்ப்புச் சொன்னபோது எங்கள் மாவட்டத்துக்குப் பேர் வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம். பிறகு அந்தப் பேரையும் எடுத்துவிட்டார்கள். ஆறு செத்தது, நிலம் செத்தது, அதற்காக நடந்த வழக்கு நியாயமான வழக்கு. குழிக்காரன் உடம்புக்காக அப்படி ஒரு வழக்கு ஏன் நடக்கவில்லை என்பதுதான் என் கேள்வி. 2015 ஜனவரி கடைசி ராத்திரியில் ராணிப்பேட்டையில் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து சகதிக்குள் மூழ்கிப் பத்துப் பேர் செத்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து கூலிக்கு வந்தவர்கள். நம் பிள்ளைகள் வெளியே வந்த குழிக்குள் இன்னொரு ஊரின் ஏழைகள் இறங்கியிருக்கிறார்கள். நாம் மறந்துவிட்டால் அவர்களுக்காக யார் பேசுவது? குழியின் ஆழம் தெரிந்தவன்தானே பேச வேண்டும்?

டி. செல்வராஜ் திண்டுக்கல் தோல் ஷாப்புத் தொழிலாளிகளைப் பற்றி 'தோல்' என்று நாவலே எழுதினார். 2012ல் சாகித்ய அகாதமி பரிசு கிடைத்தது. நல்ல காரியம். ஆனால் குழிக்காரன் மகனும் தேய்ப்புக்காரி மகளும் எழுத இன்னும் எவ்வளவோ கிடக்கிறது. சுண்ணாம்பு எத்தனை நாள், கடுக்காய் எவ்வளவு, சிவப்புக்கு அடியில் என்ன கலர், எந்த வேலைக்கு எந்த உறுப்பு போகும் என்று நமக்குத் தெரியும். அதை எழுதுங்கள். கவிதையாக இல்லாவிட்டால் போகிறது, கணக்காக எழுதுங்கள்.

கோரிக்கை என்று கேட்டால் எனக்குப் பெரிசாக ஒன்றும் இல்லை. ஸ்பிரே செக்ஷனில் முந்தானைக்குப் பதில் முறையான முகமூடி. தேய்ப்பு மேசைக்குக் காற்று உறிஞ்சுகிற மெஷின். குழி வேலை செய்தவர்களுக்குத் தோல் நோய்க்கும் நுரையீரலுக்கும் வருஷா வருஷம் சோதனை. ரேகை அழிந்த விரல்காரருக்கு எந்தக் கேள்வியும் இல்லாமல் அரிசி. இருபது வருஷம் டிரம்மில் நின்றவனுக்கு அவன் அறிவைச் சோதித்து டெக்னீஷியன் என்று சான்றிதழ், அதற்கேற்ற சம்பளம். 'பழசு' என்று எழுதி இரண்டு பங்கு விலை வாங்குகிறவன், பழசாக்கிய பெண்ணுக்கு அந்தக் கூடுதலில் பங்கு. இதில் எது பேராசை என்று சொல்லுங்கள்.

அக்கா மகள் இப்போது ஒரு ஜாக்கெட் கம்பெனியில் தையலில் இருக்கிறாள். தபாலில் பட்டப்படிப்பு படிக்கிறாள். வகுப்புக்குப் போகும்போது கூடப் படிக்கிறவர்களிடம் கார்மென்ட்ஸ் என்று சொல்கிறாளாம். "தோல்னு சொன்னா ஒரு மாதிரி பாக்குறாங்க மாமா" என்றாள். நான் அவளைத் திட்டவில்லை. ஸ்பிரே வேலையில் இருந்த பதினோரு வருஷமும் லைஃப்பாய் போட்டு இரண்டு தரம் குளித்துவிட்டுத்தான் நான் நூலகத்துக்குப் போனேன். "பார்த்தா தெரியலையே" என்று மற்றவர் சொல்வதற்காக நான் தேய்த்த தேய்ப்பு அது. என் கையாலேயே என்னைப் பழசு மாற்றிப் புதுசாக்கிக்கொண்டிருந்தேன். அதைச் சொல்லத்தான் இதை எழுதினேன் அவளுக்கும்.

நண்பர் ஒரு வாரம் கழித்து போன் செய்தார். குரலில் கொஞ்சம் கூச்சம். பொய்யாகப் பழசானதைப் போட்டுக்கொண்டு திரிய மனசில்லையாம். "அதைப் புதுசு மாதிரி திருப்பி அடிச்சுக் கொடுக்க முடியுமா?" என்று கேட்டார்.

முடியும் என்றேன். மேல்பூச்சை எடுக்க ஒரு நாள், சிவப்பைச் சேர்த்துக் கலக்க ஒரு நாள், வெள்ளைப் பட்டையை மறைத்துக்கொண்டு மூன்று கோட் அடிக்க, காயவைக்க இரண்டு நாள். நாலு நாள் கூலியைக் கணக்குப் போட்டுச் சொன்னேன். டெக்னீஷியன் கூலி.

யோசித்துச் சொல்கிறேன் என்றார்.